கதைதான்... ஆனால் கண்ணீர் நிஜம்!

மாலை ஏழரை மணி. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு மாமியார், மருமகளுக்கு வைத்திருக்கும் பாலில் ஏதோ பொடியைக் கலக்குகிறாள். பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "அடிப்பாவி, நீ நல்லா இருப்பியா? ஏய் பொண்ணே, குடிச்சிடாதேடி!" என்று சத்தம் போடுகிறார்.

"பாட்டி, அது கதை. அந்தப் பொண்ணு சம்பளம் வாங்கிட்டு நடிக்குது" என்று பேரன் சிரிக்கிறான்.

"அது எனக்குத் தெரியாதாடா?" என்கிறார் பாட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இந்தக் காட்சி நடக்காத வீடு உண்டா? பாட்டி சொல்வது பொய்யில்லை. அது கதை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அழுகை வருகிறது, கோபம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. சீரியலைக் கிண்டல் செய்கிற அப்பாவே தியேட்டரில் இருட்டோடு இருட்டாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்!

ஏன் இப்படி? இதனால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா, கெட்டதா? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முக்கோணத்துக்கும் குணம் உண்டு!

1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். சின்னதாக ஒரு படம். அதில் மனிதர்களே கிடையாது. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம். மூன்றும் ஒரு கட்டத்தைச் சுற்றி அங்கும் இங்கும் நகரும். அவ்வளவுதான்.

பார்த்தவர்களிடம், "என்ன நடந்தது, எழுதுங்கள்" என்றார்கள். முதல் குழுவில் ஒரே ஒருவர்தான் "முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது" என்று எழுதினார். மற்ற எல்லாரும் கதையாகவே எழுதிவிட்டார்கள். பெரிய முக்கோணம் முரடன், சின்ன முக்கோணமும் வட்டமும் அவனிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்கிற மாதிரி!

கோடு போட்ட வடிவத்துக்கே குணம் கொடுத்துவிடுகிறது நம் மூளை. அப்படியிருக்க, மஞ்சள் பூசிய முகமும் கலங்கிய கண்ணும் தழுதழுத்த குரலுமாக ஒரு பெண் திரையில் நின்றால் சும்மா இருக்குமா?

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே "இவர் என்ன நினைக்கிறார், அடுத்து என்ன செய்வார்" என்று ஊகிப்பது மனிதனுக்குப் பிறவியிலேயே வந்த திறமை. நாலு பேரோடு சேர்ந்து வாழ இது இல்லாமல் முடியாது. கதை பார்க்கும்போதும் இதே திறமைதான் வேலை செய்கிறது. "இது நிஜமில்லை" என்று அறிவு சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது சொல்லி முடிக்கும்வரை உணர்ச்சி காத்திருப்பதில்லை.

ரத்தக் குழாயும் படம் பார்க்கிறது

பயங்கரமான காட்சி வரும்போது உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. நிஜ ஆபத்தின்போது சுரக்கும் அதே அட்ரினலின்தான் அப்போதும் சுரக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக இதய நிபுணர்கள் 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 20 பேருக்கு ஒருமுறை சிரிப்புக் காட்சியும், இன்னொருமுறை மனதைக் கலக்கும் போர்க் காட்சியும் போட்டுக் காட்டினார்கள். கையிலுள்ள ரத்தக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளந்தார்கள். போர்க் காட்சி பார்த்தபோது 20 பேரில் 14 பேருக்கு ரத்த ஓட்டம் குறைந்தது. சிரிப்புக் காட்சி பார்த்தபோது 19 பேருக்கு அது கூடியது!

20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான் இது. "நகைச்சுவைப் படம் பார்த்தால் மாரடைப்பே வராது" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனாலும் திரையில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்கிறது என்பது தெரிகிறதல்லவா? பி.பி. உள்ளவர்கள் ராத்திரி படுக்கப்போகும் முன் பழிவாங்கல், அடிதடி என்று பார்த்துவிட்டு, "தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர்" என்றால் என்ன செய்ய முடியும்? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது திரையை அணைத்துவிடுவது நல்லது.

ஒரு பக்க உறவு

வாரத்தில் ஐந்து நாள், வருஷக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? 2003-லிருந்து 2009 வரை ஓடியது 'கோலங்கள்'. ஆறு வருஷத்தில் அபி நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். சொந்த அக்காள் மகளை வருஷத்துக்கு ரெண்டு தரம் பார்த்தோம்; அபியைத் தினமும் பார்த்தோம்!

1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். டி.வி.யிலும் ரேடியோவிலும் வருபவர்களோடு நாம் ஒரு பக்க உறவு வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். நம்மைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது. ஆனாலும் மனசு அதை உறவாகவே எடுத்துக்கொள்கிறது. சீரியல் முடிந்துபோனால் ஒரு வாரம் வீடே வெறிச்சென்று இருப்பது இதனால்தான்.

நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பதையும் இந்த உறவு மறக்கடித்துவிடும். எம்.என்.நம்பியார் திரையில் கையைப் பிசைந்துகொண்டு வந்தாலே தாய்மார்கள் சாபம் கொடுப்பார்கள். நிஜத்தில் அவர் குடிக்காதவர், சைவம் சாப்பிடுபவர், வருஷா வருஷம் சபரிமலைக்குக் கூட்டிப்போன குருசாமி!

தூர்தர்ஷனில் 1987-88-ல் 'ராமாயண்' ஓடியபோது பல வீடுகளில் குளித்து, டி.வி.க்குப் பூப்போட்டுவிட்டுத்தான் பார்த்தார்கள். ராமராக நடித்த அருண் கோவிலைக் கண்ட இடத்தில் மக்கள் காலில் விழுந்தார்கள். 1991 லோக்சபா தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில் ராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியும் ஜெயித்தார்! ஆக, மக்களுக்கு ஒன்றும் புரியாமலில்லை. பழகிய முகம் என்றால் ஒரு நெருக்கம், அவ்வளவுதான்.

இந்த உறவு கெடுதலா? பெரும்பாலும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில், பேச ஆளில்லாத வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது ஒரு துணை. மறுநாள் பக்கத்து வீட்டம்மாவோடு பேசிக்கொள்ள ஒரு விஷயம். "கூட இருந்தே குழி பறிக்கிறானே" என்று கதைமேல் வைத்துச் சொந்த மனக்குறையைக் கொட்டிவிடவும் ஒரு வழி.

ஆனால் சீரியல் நேரத்துக்கு யார் வந்தாலும் எரிச்சல், கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிடுவது, சாப்பாடு, மாத்திரை, நடைப்பயிற்சி எல்லாம் தவறுவது, சீரியல் மாமியாரை மனதில் வைத்து நிஜ மருமகளைச் சந்தேகிப்பது... இப்படி ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். அப்போது சீரியலைத் திட்டிப் புண்ணியமில்லை. அவருடைய தனிமைக்கு என்ன வழி என்று வீட்டார்தான் யோசிக்க வேண்டும்.

நல்லதும் செய்யும்!

கதையால் ஊரே மாறுமா? கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

1984-85-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. 156 பகுதிகள். மத்தியதரக் குடும்பக் கதை. அதற்குள் பெண் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு, குடிப்பழக்கத்தின் கேடு எல்லாவற்றையும் வைத்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி நாலு வார்த்தை பேசுவார். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன.

இதில் ஒரு தமாஷும் உண்டு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு உழைத்தே தேயும் அம்மா பாகவந்தியைக் காட்டி, "பெண்கள் இப்படி இருக்க வேண்டாம்" என்று சொல்ல நினைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் பலர், "ஆஹா, குடும்பப் பெண் என்றால் இவள்தான்" என்று பாகவந்தியையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள்! கதை சொல்பவர் ஒன்று நினைக்க, கேட்பவர் தன் மனசில் ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

1996-97-ல் அகில இந்திய வானொலியில் 'தின்கா தின்கா சுக்' என்ற நாடகம் ஒலிபரப்பானது. வரதட்சணைக் கொடுமையால் உயிரிழக்கும் பூனம் என்ற பெண்ணின் கதையைக் கேட்டு, உத்தரப்பிரதேசத்தில் லுட்ஸான் என்ற கிராமத்து மக்கள் 184 பேர் கையெழுத்துப் போட்டு வானொலிக்குக் கடிதம் அனுப்பினார்கள். இனி வரதட்சணைக்கு எதிராக நிற்போம் என்று உறுதி சொன்னார்கள். ஒரே நாடகத்தில் ஊரே திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் பேசப் பயந்த விஷயத்தை ஊர் கூடிப் பேச ஒரு கதை வழி செய்தது, இல்லையா?

தமிழ்நாட்டுக் கிராமங்களையும் சேர்த்து எடுக்கப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2009-ல் வெளியானது. ஜென்சன், ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் செய்தது. கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களில், "கணவன் அடிப்பது சரிதான்" என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். "ஆண் குழந்தைதான் வேண்டும்" என்ற பிடிவாதமும் குறைந்தது. வேறு மாதிரியும் வாழலாம் என்பதைத் திரையில் கண்ணால் பார்த்ததுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

சினிமா வைத்தியம்... உஷார்!

இனிதான் முக்கியமான விஷயம். படத்தின் கதையை மறந்துவிடுவோம். ஆனால் அதில் பார்த்த வைத்தியம் மனசில் ஒட்டிக்கொள்ளும். அவசர நேரத்தில் கை அதைத்தான் செய்யும். உயிர் போகிற விஷயம் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

*பாம்புக்கடி:* கதாநாயகன் கதாநாயகியின் காலில் வாயை வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவான். நிஜத்தில் இது பயனில்லாத வேலை. வெட்டிவிடுவதும் இறுக்கிக் கட்டுவதும் இன்னும் ஆபத்து. கடிபட்டவரைப் பதற விடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் மாமல்லபுரம் பக்கத்திலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

*மாரடைப்பு:* படத்தில் அப்பா நெஞ்சைப் பிடிப்பார், ஒரு வசனம் பேசுவார், சாய்வார். நிஜத்தில் பல பேருக்கு இவ்வளவு நாடகம் இருக்காது. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல அழுத்தம், இடது கை, தாடை, முதுகில் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் என்று வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலியே இல்லாமல், சோர்வு, குமட்டல் என்றுகூட வரலாம். "வாயுப் பிடிப்பா இருக்கும், சோடா குடிச்சா சரியாப் போகும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

*நின்ற இதயம்:* திரையில் கோடு நேராகிவிடும். டாக்டர் மார்பில் ஷாக் கொடுப்பார். கோடு துள்ளி எழும்! ஆனால் கோடு முழுக்க நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் பயன்படாது. தாறுமாறாகத் துடிக்கும் சில வகைக்குத்தான் அது பயன்படும். 1996-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, டி.வி. தொடர்களில் மார்பை அழுத்தி முதலுதவி செய்யும் 60 காட்சிகளைக் கணக்கெடுத்தது. அதில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்துக்கொண்டார்கள்! நிஜத்தில் பிழைப்பவர்கள் அதைவிட மிகமிகக் குறைவு. அதற்காக முயற்சி செய்யாமல் இருந்துவிடக் கூடாது. உடனே மார்பை அழுத்த ஆரம்பித்தால்தான் அந்தக் கொஞ்ச வாய்ப்பாவது உண்டு. ஆனால் முடியாமல் போனால், "டாக்டர் சரியாப் பார்க்கலை" என்று சண்டைக்குப் போகும் முன் நாம் யோசிக்க வேண்டும்.

*தலையில் அடி:* முதல் அடியில் ஞாபகம் போகும், இரண்டாவது அடியில் திரும்பி வரும். இது சினிமாவில் மட்டும்தான். நிஜத்தில் இரண்டாவது அடி முதல் அடியைவிட ஆபத்து. அடிபட்டபின் வாந்தி, தாங்க முடியாத தலைவலி, அசாதாரணத் தூக்கம், பேச்சில் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*வலிப்பு:* கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வாயில் எதையும் போடாமல் இருங்கள். ஐந்து நிமிஷத்துக்குமேல் நீடித்தால் ஆஸ்பத்திரிதான்.

*வாந்தி:* மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் கர்ப்பம்! பாட்டி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நீ தாத்தாவாகப் போறே" என்பார். அஜீரணத்திலிருந்து மஞ்சள் காமாலைவரை வாந்திக்கு எத்தனையோ காரணம் உண்டு. கர்ப்பத்தைச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சொல்லும். கல்யாணமாகி வருஷங்களாகக் குழந்தைக்காக ஏங்கும் பெண்ணை இப்படி நாலு பேர் முன்னால் கேட்டு நோகடிக்க வேண்டாம்.

*மனநோய்:* நம் படங்கள் செய்த பெரிய கெடுதல் இதில்தான். மனநோயாளி என்றால் ஒன்று சிரிப்புக்கு, இல்லாவிட்டால் கொலைக்கு. மின் அதிர்ச்சி என்றால் கட்டிப்போட்டுக் கொடுக்கும் தண்டனை. நிஜத்தில் அந்தச் சிகிச்சையை மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். 2017-ம் வருட மனநல பராமரிப்புச் சட்டமே அப்படிச் சொல்கிறது. சினிமாவில் பார்த்த பயத்தால் வருஷக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்!

பிள்ளைகள் விஷயம்

நாலைந்து வயதுக் குழந்தைக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவில் உள்ள கோடு சரியாகத் தெரியாது. 1997-ல் தொடங்கிய 'சக்திமான்' ஓடிய காலத்தில், என்னைப் போலச் செய்யாதீர்கள் என்று நடிகர் முகேஷ் கன்னாவே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. "மாடியிலிருந்து அவன் குதிக்கிறது கயிறு கட்டி எடுத்தது" என்று குழந்தைக்கு விளக்கிச் சொல்லுங்கள். பயந்துபோன குழந்தையிடம், "சீ, இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதுக்குமேல் வேறு பிரச்னை. கதை பொய் என்று தெரியும், ஆனால் ஸ்டைல் பிடித்துவிடும். 10 முதல் 14 வயதுள்ள அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2003-ல் வெளியானது. படங்களில் சிகரெட் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்த பிள்ளைகள், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் யாரும் புகைக்காத பிள்ளைகளிடம்தான் படத்தின் பாதிப்பு இன்னும் பலமாக இருந்தது! இந்தியாவில் 2012 அக்டோபர் 2 முதல் படங்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. வாசகம் ஓடுகிறது, ஹீரோவும் ஊதுகிறார். மீதியை நாம்தான் பேச வேண்டும்.

தற்கொலைக் காட்சிகளில் இன்னும் அதிக கவனம் வேண்டும். ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்கு அது தவறான வழியைக் காட்டிவிடலாம். மகனோ மகளோ அதைப் பற்றியே பேசினால், ஒதுங்கியே இருந்தால், திட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• முடிந்தவரை சேர்ந்து பாருங்கள். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு மொபைல் என்றால், பிள்ளை எதைப் பார்த்துப் பயந்தது என்றே உங்களுக்குத் தெரியாது.

• விளம்பர இடைவேளையில் பேசுங்கள். "அவ செஞ்சது சரியா? நீயா இருந்தா என்ன செய்வே?" நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கதையைப் பற்றிக் கேட்டால் கொட்டிவிடும்.

• சாப்பிடும் நேரத்தில் திரை வேண்டாம். எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாமல் உள்ளே போகிறது.

• அழுகை வந்தால் அழுங்கள். ஆண்களும்தான். கதைக்காக அழுபவர் பலவீனமானவர் இல்லை. அடுத்தவர் வலி புரிகிறவர்.

• ஒரு தொடர் முடிந்த பிறகும் படபடப்பு, தூக்கமின்மை, பயம் பல நாள் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். "சீரியல் பார்த்து வந்தது" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருந்த கவலையைக் கதை வெளியே கொண்டுவந்திருக்கலாம்.

• படத்தில் பார்த்த எந்த வைத்தியத்தையும் வீட்டில் செய்யாதீர்கள். முதலுதவியை முறையாக ஒரு நாள் கற்றுக்கொள்ளுங்கள்.

தாலாட்டும் தெருக்கூத்தும் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். கதை இல்லாமல் நமக்கு ஒரு நாளும் விடியாது, அடையாது. நன்றாக ரசியுங்கள், வில்லியைத் திட்டுங்கள், மனசு நிறைய அழுங்கள். 'தொடரும்' போட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திரையில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்கத் தெரியாது!